கொலைச் சீட்டுகளை எடை போட்டது நான்

நானும் அவளும் ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தோம். நான் கோவில்பட்டி, அவள் பொள்ளாச்சி. ஹைதராபாத்தில் இருவருக்கும் யாரையும் தெரியாது. அமீர்பேட்டில் ஒரு லேடீஸ் ஹாஸ்டலில் ஒரே அறையில் கட்டில் கிடைத்தது. கீழே ஜாவா கோச்சிங், மேலே நாங்கள். பிறகு செகந்திராபாத் பக்கம் வீடு பார்த்தபோதும் சேர்ந்தே பார்த்து, சேர்ந்தே குடிபோனோம். அவள் புரோகிராம் எழுதுகிறவள். நான் டெஸ்டர், மற்றவர்கள் எழுதியது எந்த இடத்தில் உடையும் என்று கண்டுபிடிப்பது என் வேலை. அவள் என்னைப் "புள்ள" என்பாள், நான் அவளை "ஏட்டி" என்பேன். நாங்கள் பேசுவதைக் கேட்டு ஆபீசில் மற்ற தமிழர்களே சிரிப்பார்கள்.

எங்கள் டீமில் இன்னொரு தமிழன் இருந்தான். அவனுடைய அப்பாவுக்கு மௌலா அலி பக்கம் மத்திய அரசு ஆலையில் வேலை. பிறந்ததும் வளர்ந்ததும் அங்கே ஸ்டாஃப் காலனியில். தமிழில் கேட்டால் பாதி தமிழிலும் பாதி அந்த ஊர் ஹிந்தியிலும் பதில் வரும், கடைசியில் நண்பா என்பதற்கு ஒரு "யார்" ஒட்டிக்கொள்ளும். ப்ராஜெக்டுக்காக அமெரிக்கா போய்விட்டுத் திரும்பியபோது எல்லோரும் சாக்லேட் கொண்டுவருவார்கள், இவன் ஒரு பெட்டி நிறையச் சீட்டு கொண்டுவந்தான்.

ரம்மி ஆடுகிற சீட்டு இல்லை. ஒவ்வொன்றிலும் ஒரு படம், ஒரு பெயர், அது என்ன செய்யும் என்று இரண்டு வரி. இரண்டு பேர் எதிரெதிரே உட்கார்ந்து சிங்கத்தையும் பூதத்தையும் மேசைமேல் இறக்கி ஒருவரை ஒருவர் தாக்க வேண்டும். நடுவில் மந்திரச் சீட்டுகள் உண்டு. எந்தச் சீட்டைப் போடவும் ஒரு விலை உண்டு, முறைக்கு முறை சேருகிற சக்தியிலிருந்து அதைக் கொடுக்க வேண்டும். எங்களுக்கு அதில் மிகவும் பிடித்தது டிராஃப்ட் என்ற முறை. எட்டுப் பேர் வட்டமாக உட்கார்ந்து ஆளுக்கொரு பொட்டலம் பிரிப்போம். ஒரு சீட்டை எடுத்துக்கொண்டு பாக்கியைப் பக்கத்தில் இருப்பவருக்குத் தள்ளுவோம். இப்படிச் சுற்றிச் சுற்றி வந்து சேருகிற சீட்டுகளை வைத்துத்தான் அன்றைக்கு ஆட வேண்டும். சனிக்கிழமை காலையில் மௌலா அலி வீட்டுக்குப் போனால் மத்தியானச் சாப்பாடு முடிந்து மாலை டீ வரைக்கும் அதுதான் பிழைப்பு. எட்டுப் பேரில் பெண்கள் நாங்கள் இருவர் மட்டும், மற்றவர்கள் வேறு வேறு கம்பெனிகளில் வேலை பார்த்த அவனுடைய காலனிப் பையன்கள்.

ஆறு மாதத்தில் அந்தப் பெட்டி பழசாகிவிட்டது. எந்தப் பொட்டலத்தில் என்ன வரும் என்று எல்லோருக்கும் மனப்பாடம். அவள்தான் சொன்னாள்:

"நாமளே ஒரு செட் செஞ்சா என்ன புள்ள?"

செய்தோம். பாறைகள்மேல் கட்டிய ஒரு நகரத்தைக் கற்பனை செய்து, அதில் உலவுகிற பிராணிகளுக்கு அவள் பெயரும் கதையும் எழுதினாள். அவளுக்கு அது அப்படி வரும். ஒரு நாரைக்கு இரண்டே வரியில் ஒரு சரித்திரம் வைத்துவிடுவாள். மௌலா அலிக்காரன் படம் வரைந்தான். தடித் தாளில் அச்சடித்து வெட்டி, பிளாஸ்டிக் உறையில் பழைய சீட்டோடு சேர்த்துச் செருகினோம்.

முதல் தடவை ஆடியபோதே உடைந்தது. அவள் "இடி" என்று ஒரு சீட்டு வைத்திருந்தாள். மலிவு, எந்தப் பிராணியையும் ஒரே அடியில் கொல்லும். எதிராளியின் பிராணியை மேசையைவிட்டே ஒழிக்கிற இந்த வகைச் சீட்டுக்கு ஆட்டக்காரர்கள் ரிமூவல் என்பார்கள். அன்றைக்கு இடி கிடைத்தவன் எல்லாம் ஜெயித்தான். ஒருவன் அரும்பாடுபட்டு ஒரு பாறை யானையை இறக்கினான், அது அடுத்த நிமிடம் செத்தது. அதற்குப் பிறகு யாரும் பெரிய பிராணியைத் தொடவே இல்லை. அவள் கோபத்தில் ரிமூவல் அத்தனையையும் எடுத்துவிட்டாள். அடுத்த வாரம், யானையை முதலில் இறக்கியவன் ஜெயித்தான், மற்றவர்கள் வேடிக்கை பார்த்தார்கள்.

"ரெண்டுமே தப்புட்டி" என்றேன். "கொல்லவும் முடியணும், கொல்லுறதுக்கு யோசிக்கவும் வேணும்."

"அப்ப நீயே அதப் பாரு" என்றாள்.

அப்படித்தான் அந்தப் பகுதி எனக்கு வந்தது. ஒவ்வொரு சீட்டையும் கையில் வைத்துக்கொண்டு எதிராளி என்ன செய்தால் இது வீணாகும் என்று கேட்டுக்கொள்வேன். "வலை" என்று ஒன்று வைத்தேன். இந்த முறை தாக்க வந்த பிராணியை மட்டும்தான் அது பிடிக்கும். எதிராளி சும்மா உட்கார்ந்திருந்தால் வலையும் கையிலேயே கிடக்கும். "கரையான்" என்று இன்னொன்று. உடனே கொல்லாது, முறைக்கு முறை கொஞ்சம் கொஞ்சமாக அரிக்கும். அது பிரமாதம் என்று நினைத்தேன். ஒருவரும் எடுக்கவில்லை. அவள்தான், "செத்துப்போறதப் பார்க்கணும் புள்ள, சாகப்போறதப் பார்க்க யாருக்குப் பொறுமை?" என்றாள். அவள் சொன்னது சரி. இப்படி அவள் சொல்லி நானும், நான் சொல்லி அவளுமாகத் திருத்திக்கொண்டோம். சாப்பிடும்போது, துணி மடிக்கும்போது, பஸ்ஸில் நிற்கும்போது எல்லாம் இதே பேச்சு.

ஒரு தடவை மௌலா அலியில் அவனுடைய அம்மா டீ கொண்டுவந்தவர், நான் ஒரு சீட்டை வெளிச்சத்தில் பிடித்து முறைத்துக்கொண்டிருப்பதைப் பார்த்து என்ன என்று கேட்டார். விளக்கினேன்.

"அடிப்பாவி, கொலைச் சீட்டா! பார்த்தா பூனை மாதிரி இருக்க" என்றார். அன்றிலிருந்து எங்கள் மேசையில் ரிமூவல் என்ற வார்த்தை போய்விட்டது. தெலுங்குப் பையன்கள்கூட "கொலைச்சீட்டு" என்றுதான் சொன்னார்கள்.

மிச்சம் என்ற விதி எனக்குத் தோன்றியது ஒரு செவன் சீட்டர் ஆட்டோவில். செகந்திராபாத்திலிருந்து மௌலா அலிக்கு நெருக்கியடித்துப் போய்க்கொண்டிருந்தோம். ஒரு பெரியவர் இறங்கினார். அவர் இருந்த இடத்தில் காற்றுகூடப் புகவில்லை, அதற்குள் ஒரு பக்கம் இருந்த அம்மா பரவிவிட்டார். எதிர்ப்பக்கம் அவளும் நானும் முழங்காலை மடக்கிக்கொண்டு பார்த்துக்கொண்டே இருந்தோம்.

"ஏட்டி, செத்த பிராணியோட எடமும் இப்படி யாருக்காவது போகணும்ட்டி" என்றேன்.

அவளுக்குப் புரியவில்லை. ஆட்டோ போய்ச் சேருவதற்குள் விளக்கிவிட்டேன். ஒரு பிராணி செத்தால் அதன் பலத்தில் கொஞ்சம் மேசை நடுவில் கிடக்கும். அதுதான் மிச்சம். அடுத்து யாருடைய முறை தொடங்குகிறதோ அவர் அதை எடுத்துத் தன் பிராணிக்குச் சேர்த்துக்கொள்ளலாம். அப்படியானால் என் முறையில் நான் கொன்றால் மிச்சம் எதிராளிக்குப் போகும். அவன் முறை நடக்கும்போது கொன்றால், அடுத்தது என் முறை, எனக்கே வரும். எப்போது கொல்கிறோம் என்பதுதான் ஆட்டமே.

"யாருக்கும் புரியாது புள்ள" என்று முதலில் சொன்னாள். ஒரு வாரம் கழித்து, "இது இல்லாட்டி நம்ம செட்டுல என்ன இருக்கு?" என்றாள்.

மிச்சம் வந்ததும் என் கொலைச் சீட்டுகள் அத்தனையும் எடை மாறிவிட்டன. எதிராளியின் முறையிலும் போடக்கூடிய சீட்டுகள் திடீரென்று ராஜா ஆகிவிட்டன. தன் முறையில் மட்டும் போடக்கூடியவை செல்லாக்காசு. வலை எப்போதுமே எதிராளியின் முறையில்தான் விழும், அதனால் அதற்கு விலை ஏற்ற வேண்டியிருந்தது. இடியைத் திரும்பக் கொண்டுவந்தேன், இந்தத் தடவை தன் முறையில் மட்டும் என்ற நிபந்தனையோடு. மழைக்காலம் முழுக்க அதில் போயிற்று. கடைசியில் ஒரு சனிக்கிழமை எட்டுப் பேரும் உட்கார்ந்து ஆடினோம். வழக்கமாகச் சந்தைக்கடை மாதிரி இருக்கும் கூடம் அமைதியாகிவிட்டது. மௌலா அலிக்காரன் இடியைக் கையில் வைத்துக்கொண்டு போடவும் மாட்டாமல் வைக்கவும் மாட்டாமல் தவித்தான்.

"அரே, கொல்றதுக்கே பயமா இருக்கு யார்!" என்றான்.

அவள் மேசைக்கு அந்தப் பக்கத்திலிருந்து என்னைப் பார்த்துக் கண்ணடித்தாள். வேலையில் எனக்கு எத்தனையோ பாராட்டு மெயில் வந்திருக்கிறது. அந்தக் கண்ணடிப்புக்கு ஈடாக ஒன்றைச் சொல்ல முடியாது.

அதற்குப் பிறகு சனிக்கிழமைகள் நிற்க ஆரம்பித்தன. "இந்த வாரம் அவங்க வீட்டுக்கு விருந்தாளி வர்றாங்களாம்" என்பாள். இன்னொரு வாரம், "பசங்களுக்கு ஆபீஸ்ல ரிலீஸ் வேலை இருக்குதாம், யாரும் வரலயாம்" என்பாள். மௌலா அலிக்காரன் அப்போது வேறு ப்ராஜெக்டுக்கு மாறி வேறு கட்டடத்துக்குப் போயிருந்தான், அவனைப் பார்த்துக் கேட்கிற சந்தர்ப்பமும் இல்லை. கேட்கத் தோன்றவும் இல்லை. அவள் சொன்னாள், நான் சரி என்றேன். ஞாயிற்றுக்கிழமைகளில் கோட்டி பக்கம் ஒரு பெரியம்மா வீட்டுக்குப் போவதாகச் சொல்லிவிட்டுப் போவாள். ஊருக்குப் புதிதாக வந்த சொந்தம் என்று சொல்லியிருந்தாள்.

ஆட்டம் நின்றுபோன ஒரு சனிக்கிழமை அவளே, "சும்மாதானே இருக்க, அந்தக் கொலைச் சீட்டெல்லாம் இன்னொருக்கா பார்த்துடேன்" என்றாள். நான் குளிக்கக்கூடப் போகாமல் கட்டில்மேல் பரப்பி உட்கார்ந்துவிட்டேன். அவள் காப்பி போட்டுக்கொண்டுவந்து பக்கத்தில் உட்கார்ந்து, இது ஏன் இந்த விலை, அது ஏன் எதிராளி முறையில் மட்டும் என்று ஒவ்வொன்றாகக் கேட்டாள். இதையெல்லாம் முன்பு சலிப்போடு கேட்பாள். அன்றைக்கு மாணவி மாதிரி கேட்டாள். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

தீபாவளிக்கு ஊருக்குப் போய்த் திரும்பும்போது மௌலா அலி அம்மாவுக்காகக் கடலை மிட்டாய் வாங்கி வந்திருந்தேன். எப்போதோ ஆசையாகக் கேட்டிருந்தார். மிட்டாய் நமத்துப்போகுமே என்று ஒரு நாள் வேலை முடிந்ததும் நானே எடுத்துக்கொண்டு போனேன்.

கதவைத் திறந்ததும், "வாம்மா, வழி தெரிஞ்சுதா உனக்கு?" என்றார். "எங்க வீட்டுச் சாப்பாடு பிடிக்கலயாக்கும்னு நெனச்சேன்."

"ஆட்டம்தான் நின்னுபோச்சே அம்மா" என்றேன்.

"எது நின்னுச்சு? வாராவாரம் ஞாயித்துக்கிழமை இங்கதானே நடக்குது. உன் சிநேகிதி வர்றா, பசங்க வர்றாங்க. அந்தக் கம்பெனிக்காரரும் ரெண்டு தடவை வந்துட்டாரு. உனக்கு வெளிநாடு போறதுக்குப் பரீட்சையாமே, அதான் வர மாட்டேங்கிறன்னு அவ சொன்னா."

நான் கையில் இருந்த மிட்டாய்ப் பொட்டலத்தை நீட்டினேன். உள்ளறையிலிருந்து அவன் வந்தான். என் முகத்தைப் பார்த்ததுமே அவனுக்கு விளங்கிவிட்டது.

"உனக்குத் தெரியாதா?" என்றான். "உன்கிட்ட சொல்லிட்டேன்னு சொன்னாளே."

பிறகு அவனே விஷயத்தைச் சொன்னான். மாதாப்பூர் பக்கம் மொபைல் போனுக்கு விளையாட்டு செய்கிற ஒரு புதிய கம்பெனி. எங்கள் செட்டை அங்கே யார் மூலமாகவோ அவள் கொண்டுபோயிருக்கிறாள். அவர்களுக்குப் பிடித்துவிட்டது. ஒருவரை அனுப்பி ஆடிப்பார்த்தார்கள். செட்டோடு அவளையும் வேலைக்கு எடுத்துக்கொள்ளப் போகிறார்கள். படத்துக்கு இவனுக்கும் ஏதோ தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள்.

"மிச்சம் யாரு செஞ்சதுன்னு சொன்னா?" என்று கேட்டேன்.

அவன் அம்மாவைப் பார்த்தான். பிறகு தரையைப் பார்த்தான்.

"டிசைன் எல்லாம் தன்னுதுன்னு சொன்னா. நீ டெஸ்டிங் மட்டும் பண்ணேன்னு. நான் நெனச்சேன், நீங்க ரெண்டு பேரும் பேசி முடிவு பண்ணியிருப்பீங்கன்னு. ரெண்டு பேரும் ஒரே வீடுதானே யார்."

டெஸ்டிங் மட்டும். அந்த "மட்டும்" என்னோடு பஸ்ஸில் ஏறி வந்தது. செகந்திராபாத் வரைக்கும் ஜன்னல் பக்கம் உட்கார்ந்து ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தேன். விருந்தாளி. ரிலீஸ். கோட்டியில் பெரியம்மா. காப்பி போட்டுக்கொடுத்துக் கேள்வி கேட்ட சனிக்கிழமை. அவன் சொன்ன கணக்குப்படி அதற்கு மறுநாள்தான் அந்தக் கம்பெனி ஆள் முதல் தடவை வந்திருக்கிறார். அவர் என்ன கேட்டாலும் பதில் இருக்க வேண்டும் என்பதற்காக என்னைக் கேட்டிருக்கிறாள். நான் சொன்ன வார்த்தைகளை அப்படியே அவள் அங்கே சொல்லியிருப்பாள். எனக்கு முகம் எரிந்தது. ஏமாந்ததுகூட அல்ல, அன்றைக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்துவிட்டேனே என்று.

வீட்டில் அவள் சப்பாத்திக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தாள். எனக்கும் சேர்த்துத்தான்.

"மௌலா அலிக்குப் போயிருந்தேன்" என்றேன்.

கை நின்றது. திரும்பவில்லை.

"ஞாயித்துக்கிழமை எல்லாம் பெரியம்மா வீட்டுலயா ஆடுனீங்க?"

"சொல்லணும்னுதான் இருந்தேன் புள்ள. முடிவாகட்டும்னு பார்த்தேன்."

"எனக்கு வெளிநாட்டுப் பரீட்சைன்னு சொல்லியிருக்க. அவங்க ஆட வரலன்னு எங்கிட்ட சொல்லியிருக்க. ரெண்டு பக்கமும் பொய் சொல்லிட்டு இங்கன வந்து எங்கூட உக்காந்து சோறு தின்னுருக்க. நான் என்னட்டி பண்ணேன் உனக்கு?"

அப்போதுதான் திரும்பினாள். அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை.

"நீ அங்க இருந்திருந்தா அந்த ஆள்கிட்ட என்ன சொல்லியிருப்ப தெரியுமா? இந்தச் சீட்டு இன்னும் சரியில்ல, அது ரெண்டு வாரம் ஆடிப்பார்க்கணும்னு சொல்லியிருப்ப. நீ எதையும் முடிஞ்சதுன்னு சொன்னதே இல்ல. நான் அதை விக்கப் போனேன் புள்ள."

"அதுக்கு என் பேரச் சொல்லாம இருக்கணுமா?"

"செஞ்சது யாருன்னு கேட்டாங்க. ரெண்டு பேருன்னு சொன்னா, சரி, யாரை எடுக்கறதுன்னு யோசிப்பாங்க. எனக்கு இந்த வேலைய விட்டுப் போகணும். உனக்கு டெஸ்டிங் பிடிச்சிருக்கு. எனக்கு ஒவ்வொரு நாளும் ஆபீஸ் வாசல்லயே திரும்பிப் போயிடலாமான்னு இருக்கு. உனக்கு அது தெரியாது." விரலில் ஒட்டிய மாவை உருட்டிக்கொண்டே, "நான் உள்ள போனதும் உன்னையும் கூட்டிக்கறேன். அங்கயும் டெஸ்டர் வேணும்" என்றாள்.

அவள் ஆபீசை அவ்வளவு வெறுத்தாள் என்பது உண்மையிலேயே எனக்குத் தெரியாது. கேட்டதும் ஒரு நொடி இரக்கம் வந்தது. கடைசி வாக்கியத்தில் அது போய்விட்டது.

"மாவை மூடி வை. நான் சாப்பிட்டுட்டேன்" என்று பொய் சொல்லிவிட்டு அறைக்குள் போனேன்.

மாதம் முடிகிற வரைக்கும் அதே வீட்டில்தான் இருந்தோம். அவள் பாத்திரம் கழுவி முடித்தால்தான் நான் வெளியே வருவேன், நான் வெளியே வந்தால் அவள் உள்ளே போவாள். பிறகு நான் அமீர்பேட்டுக்கே திரும்பி ஒரு ஹாஸ்டலில் சேர்ந்தேன். அறையில் இருந்த மற்ற மூவரும் என்னைவிட வயதில் சின்னவர்கள், கோச்சிங் படிக்க வந்தவர்கள், என்னை அக்கா என்று கூப்பிட்டார்கள். மௌலா அலிக்காரன் ஒரு நாள் என் ஆபீஸ் கட்டடத்துக்கு வந்து கான்டீனில் எதிரே உட்கார்ந்தான். தப்பாகிவிட்டது என்றான், அம்மா அவனோடு சரியாகப் பேசுவதில்லை என்றான். அந்தக் கம்பெனியில் போய் உண்மையைச் சொல்லட்டுமா என்று கேட்டான். நக்கோ, வேண்டாம் என்று அவன் பாஷையிலேயே சொன்னேன். அவன் படத்துக்குக் கிடைக்க இருந்ததையும் எதற்குக் கெடுக்க வேண்டும்? அவனும் கொஞ்சம் வேகமாகவே தலையை ஆட்டினான்.

விளையாட்டு வெளியான விஷயம் எனக்கு ஹாஸ்டல் பெண்ணின் போனில்தான் தெரிந்தது. நாரை இருந்தது, பாறை யானை இருந்தது, மிச்சமும் இருந்தது. போனை வாங்கி நானும் ஒரு ஆட்டம் ஆடினேன். விதியை மாற்றியிருந்தார்கள். எந்த முறையில் கொன்றாலும் கொன்றவருக்கே மிச்சம். சுலபமாக இருக்கட்டும் என்று செய்திருப்பார்கள். இப்படி இருந்தால் கொல்வதற்கு யோசிக்க வேண்டியதே இல்லை. முதலில் கொன்றவன் பலத்தின் மேல் பலம் சேர்த்துக்கொண்டே போவான். ஒரு ஆட்டத்திலேயே எனக்கு அது தெரிந்துவிட்டது. போனை அந்தப் பெண்ணிடம் திருப்பிக் கொடுத்தேன்.

"நல்லா இருக்காக்கா?" என்றாள்.

"படம் நல்லா இருக்கு" என்றேன்.

அமீர்பேட்டில் மெட்ரோவுக்காக ரோட்டைத் தோண்டிப்போட்டிருந்த சமயம், ஒரு மாலை பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்தபோது தெரியாத நம்பரிலிருந்து போன் வந்தது. "புள்ள" என்ற குரலைக் கேட்டதும் கூட்டத்தைவிட்டுத் தள்ளி நின்றேன். மன்னிப்புக் கேட்கத்தான் கூப்பிடுகிறாள் என்று நினைத்தேன். உடனே மன்னித்துவிடக்கூடாது என்றுகூட நினைத்தேன். அம்மா எப்படி இருக்காங்க, நீ எப்படி இருக்க என்று விசாரித்தாள். பிறகு சொன்னாள்:

"ஒரு சின்ன விஷயம். ஆடறவங்க எல்லாரும் கொலைச் சீட்டு மட்டுமே எடுக்கறாங்க. பெரிய பிராணிய யாரும் தொடறதில்ல. விலைய ஏத்திப் பார்த்துட்டோம், குறைச்சுப் பார்த்துட்டோம். நீன்னா எங்க கை வைப்ப?"

எங்கே கை வைக்க வேண்டும் என்று எனக்குத் தெரியும். ஒரே ஒரு விதியைப் பழையபடி வைத்தால் போதும், ஒரு வாக்கியத்தில் சொல்லியிருக்கலாம். ரோட்டில் பொக்லைன் சத்தம்.

"எனக்கு எப்படித் தெரியும்?" என்றேன். "நான் டெஸ்டிங் மட்டும்தானே செஞ்சேன்."

"இன்னும் அதையே புடிச்சுட்டு இருக்கியா?" என்றாள். குரலில் நிஜமான ஆச்சரியம் இருந்தது. அவளைப் பொறுத்தவரை அது எப்போதோ முடிந்துபோன விஷயம். அதற்குப் பிறகு அவளுடன் பேச எதுவும் இல்லை என்று தோன்றியது. வைத்துவிட்டேன்.

அந்தச் சொல்லைத் திருப்பிக் கொடுத்ததில் சந்தோஷம் வரும் என்று எதிர்பார்த்திருந்தேன், வரவில்லை. பஸ்ஸில் நின்றுகொண்டே, விதியைப் பழையபடி மாற்றினால் வலைக்கு என்ன விலை, இடிக்கு என்ன நிபந்தனை என்று மனது தானாகக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தது. அந்தக் கம்பெனி அடுத்த வருஷமே சீட்டாட்டத்தைக் கைவிட்டு வேறு ஏதோ செய்யத் தொடங்கியது. அவள் பெங்களூர் போய்விட்டாள் என்று மௌலா அலி அம்மா சொன்னார். அவரோடு மட்டும் இன்றும் பேசிக்கொண்டிருக்கிறேன்.

ஆட்டத்தை எடுத்துக்கொண்டுபோனதை என்னால் இப்போது ஏற்றுக்கொள்ள முடிகிறது. கேட்டிருந்தால் நானே கொடுத்திருப்பேன் என்றுகூடச் சில சமயம் நினைப்பேன். அந்த ஞாயிற்றுக்கிழமைகளைத்தான் முடியவில்லை. சாயங்காலம் திரும்பி வந்து, பெரியம்மா வீட்டில் என்ன சமையல் என்று நான் கேட்டதும், செருப்பைக் கழற்றிக்கொண்டே, "புளிக்கொழம்பு புள்ள, உன்னை நெனச்சுக்கிட்டேன்" என்று சொல்வாள்.